அடியெடுத்துக் கொடுப்பவள்

முன்பு செருப்புக் கடை.
சுவரில் இன்னும் அளவுகள் அழியவில்லை:
ஏழு, ஏழரை, எட்டு.
இடப்பக்கத் திரைக்குப் பின்னால்
ஒரு முக்காலி, ஒரு பேனா விளக்கு,
மடியில் நாடகப் பிரதி.
மூச்சுக்கும் பேச்சுக்கும் நடுவே
ஒரு குரல் இருக்கிறது,
அதுதான் என் வேலை.

பழைய நாடகம்.
இந்த நாட்டுப் பள்ளிக்கூடங்களில் பாதி
போட்டுப் போட்டுத் தேய்த்தது.
ஒருவன் நிலத்தை இழக்கிறான்.
மூன்றாம் அங்கத்தில் ஷெரீஃப் வந்து
ஜப்திக் காகிதத்தை நீட்டுகிறான்,
இவன் கையெழுத்துப் போடுகிறான்.
மீதியெல்லாம் மழை வருமா என்ற பேச்சு.

நெப்ராஸ்காவில் பிப்ரவரி மாதம்
பாத்திரங்கள் பதினொன்று,
நடிக்க வந்தவர்கள் ஒன்பது.
வந்தவர்களை வைத்துத்தான் பந்தி என்றாள் வெர்னா.
பகலில் மாடுகளுக்கு ஊசி போடுகிறவள்,
இரவில் எங்கள் இயக்குநர்.

அப்படித்தான்
வங்கியில் கடன் பிரிவைப் பார்க்கும்
ராய்ஸ் பெச்சாசெக்
நிலம் இழப்பவர் ஆனார்.
எட்டு வருஷம் முன்பு நானூறு ஏக்கரை
அதே வங்கியிடம் விட்ட எமில் ஹ்ருஷ்கா
தகர நட்சத்திரம் குத்திய ஷெரீஃப்.

யாரும் எதுவும் சொல்லவில்லை.
ஊரில் மொத்தம் ஆயிரத்து நூறு பேர்,
சொல்லித் தெரிய வேண்டியது எதுவும் இல்லை.

ஒத்திகைகளில் நடந்தது இவ்வளவு:
ராய்ஸின் ஒட்டு மீசை
சூப் கிண்ணத்தில் விழுந்தது, இருமுறை.
மேடைக் கதவு சாத்த மறுத்தது.
அதைச் செதுக்கிக் கொடுத்தவர் எமில்,
எதிர்ப்பக்கம் தாங்கிப் பிடித்தவர் ராய்ஸ்.
இருவரும் கதவைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

மூன்றாம் இரவு பனிப்புயல்.
நாற்பத்து மூன்று பேர்,
கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள்.
எமில் உள்ளே வந்தார்.
காகிதத்தை நீட்டினார்.
பேசவில்லை.

"நான் கொண்டுவந்தவன் மட்டும்தான்"
என்று எடுத்துக் கொடுத்தேன்.
பேசவில்லை.
இன்னொரு முறை, சற்றே உரக்க.
அவர் காது அசைந்ததைப் பார்த்தேன்.
கேட்டிருக்கிறது.

இருமல் மிட்டாயின் தாளைப்
பிரித்துக்கொண்டிருந்த யாரோ
பாதியில் நிறுத்தினார்கள்.

அப்போதுதான் புரிந்தது எனக்கு:
மறந்துபோன ஆள் இப்படி நிற்பதில்லை.
மறந்தவன் கண் என் பக்கம் ஓடிவரும்.
இவர் கண்
ராய்ஸின் மீது இருந்தது,
கோபமாகக்கூட இல்லை,
பாரம் ஏற்றிய வண்டி பாலத்தைக் கடக்குமா என்று
கரையில் நின்று பார்ப்பதுபோல.

ராய்ஸ் நின்றுகொண்டே கையெழுத்திட வேண்டும்.
பிரதியில் அப்படித்தான்.
உட்கார்ந்துவிட்டார்.
பேனாவைத் தேடி
சட்டைப்பை ஒவ்வொன்றாகத் தடவினார்,
அது மேசை மேலேயே இருந்தது.

அதன் பிறகு எமில் சொன்னார்,
மெதுவாக,
ஒவ்வொரு சொல்லையும் கீழே இறக்கி வைப்பதுபோல:
"நான் கொண்டுவந்தவன் மட்டும்தான்."

திரை. கைதட்டல். காகிதக் கோப்பைகளில் காப்பி.
வண்டி கிளம்புமா என்ற கவலை எல்லோருக்கும்.

பொருள்களை எடுத்து வைப்பதும் நான்தான்.
அந்தக் காகிதம் ஒரு விதைக் கம்பெனி விளம்பரத்தின் பின்பக்கம்.
தினமும் அதில் ராய்ஸ் ஏதோ கிறுக்குவார்,
ஒரு நாள் வாத்துகூட வரைந்திருந்தார்.
இன்று
ராய்ஸ் ஜே. பெச்சாசெக்,
கடைசி எழுத்தின் நீண்ட வாலோடு.
இந்த ஊரில் எத்தனையோ மேசை இழுப்பறைகளில்
மடங்கிக் கிடக்கிற வால்.
என்னுடையதிலும் ஒன்று.

பனிக்காலணிக்குள் காலைத் திணித்தபடி
எமில் கேட்டார்:
"வசனத்தை மறந்துவிட்டேன், இல்லையா?"
ஆமாம் என்றேன்.

நாளை மதியக் காட்சிக்கு
வேறொரு விளம்பரத்தை நாலாக மடித்து வைத்தேன்.
வெர்னாவின் குறிப்பேடு முக்காலிமேல் திறந்திருந்தது:
மூன்றாம் அங்கம், மௌனம் மிக நீளம்.
குறைக்கவும்.